‘ஃபிலிபஸ்டர்’: கொள்ளையரின் பெயர் செனட்டுக்கு வந்த வரலாறு

அமெரிக்க செனட் சபையில் ஒரு மசோதாவைத் தோற்கடிக்கப் பெரும்பான்மை பலம் தேவையில்லை. வாக்கெடுப்பே நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பேசிப் பேசி நேரத்தைக் கடத்தும் இந்த உத்திக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிலிபஸ்டர்’ என்று பெயர். சட்டமன்றச் செய்திகளுக்கு வெளியே அதிகம் கண்ணில் படாத இந்தச் சொல், முதலில் கடற்கொள்ளையரைக் குறித்தது. அகராதிகள் இரண்டு பொருளையும் எண்ணிட்டு அடுத்தடுத்து வைத்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே அடிமை முறையின் நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் பார்க்காமல் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள முடியாது.

வேர் டச்சு மொழியில் உள்ளது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொள்ளையடிப்பவனை டச்சுக்காரர்கள் ‘வ்ரைபாய்ட்டர்’ என்றார்கள். ஆங்கிலத்தின் ‘ஃப்ரீபூட்டர்’ அதிலிருந்து வந்ததுதான். பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடியவர்களுக்கு அந்தப் பெயர் பிரெஞ்சில் ஒரு வடிவமும் ஸ்பானியத்தில் ‘ஃபிலிபுஸ்தேரோ’ என்று இன்னொரு வடிவமும் எடுத்தது. ஸ்பானிய வடிவமே பின்னர் அமெரிக்க ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

நுழைந்த காலம் முக்கியமானது. 1850-களில் அமெரிக்காவிலிருந்து தனியார் படைகள் கிளம்பி அண்டை நாடுகளைப் பிடிக்க முயன்றன. அவற்றுக்கு அரசின் அனுமதி கிடையாது. அப்படிக் கிளம்பியவர்களைத்தான் ‘ஃபிலிபஸ்டர்’ என்றார்கள். வெனிசுவேலாவில் பிறந்த நார்சிஸோ லோபெஸ் கியூபாவின் மீது படையெடுத்துத் தோற்று, 1851 செப்டம்பரில் ஹவானாவில் கொல்லப்பட்டார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் பிறந்த வில்லியம் வாக்கர் மருத்துவம் படித்தவர். வழக்கறிஞராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். 1855-இல் அறுபதுக்கும் குறைவான ஆட்களுடன் நிகராகுவாவில் இறங்கிய அவர், மறு ஆண்டே அந்த நாட்டின் அதிபராகத் தம்மை அமர்த்திக்கொண்டார். மத்திய அமெரிக்கா 1824-இலேயே ஒழித்திருந்த அடிமை முறைக்கு, 1856 செப்டம்பரில் அவர் மீண்டும் வழி திறந்தார். அடிமைகளை வைத்திருந்த தென் மாநிலங்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அவர்களுக்கோ அடிமை முறை பரவப் புது நிலம் தேவைப்பட்டது.

அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்து அவரை விரட்டின. 1856 ஏப்ரலில் ரிவாஸ் நகரச் சண்டையில் உயிர்விட்ட ஹுவான் சாந்தமரியா இன்றும் கோஸ்டாரிகாவின் தேசிய வீரர். விரட்டப்பட்ட பிறகும் வாக்கர் ஓயவில்லை. மறுபடி படை திரட்டி வந்தவரை 1860 செப்டம்பர் 12 அன்று ஹோண்டுராஸ் நாட்டின் துருஹியோவில் சுட்டுக் கொன்றார்கள்.

இதே சொல் பிலிப்பைன்ஸில் வேறு கிளை விட்டது. அங்கே ஸ்பானிய ஆட்சியாளர்கள், தங்களை எதிர்ப்பவர் என்று சந்தேகித்த எவரையும் ‘ஃபிலிபுஸ்தேரோ’ என்று முத்திரை குத்தினார்கள். 1872-இல் மூன்று பாதிரியார்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது சிறுவன் ஹோசே ரிசால் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டான். அதை உச்சரிக்கவே தந்தை தடை விதித்தார். வளர்ந்ததும் ரிசால் அதையே தம் இரண்டாவது நாவலின் தலைப்பாக்கினார். ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அச்சானது. அந்த மூன்று பாதிரியார்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். படையெடுத்து வந்தவனின் பெயர், ஆதிக்கத்தை எதிர்த்தவனின் பெயராக இங்கே மாறியது.

அமெரிக்காவில் சொல் நாடாளுமன்றத்துக்குள் போனது. 1850-களிலேயே, அவையின் வேலையை மடக்குபவர்களைச் சாட இந்தப் பெயர் அங்கே எடுபட்டது. நூற்றாண்டின் இறுதிக்குள், பேசிக் கடத்துவது என்ற பொருள் நிலைத்துவிட்டது. உத்தி சொல்லைவிடப் பழையது. ரோமின் காட்டோ பொழுது சாயும் வரை பேசி அவையை முடக்கியிருக்கிறார். செனட்டில் இதற்கு வழிவிட்டது 1806-இன் விதித் திருத்தம்: விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகும் வழியை அன்று நீக்கினார்கள். பெரிய திட்டம் எதுவும் அதன் பின்னால் இல்லை. பயனற்ற விதி என்று நினைத்தே எடுத்தார்கள். 1917-இல், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதா முடக்கப்பட்டு அதிபர் வில்சன் கொதித்த பிறகுதான், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி வந்தது.

பொதுமக்கள் நினைவில் நிற்பவை நெடும் பேச்சுகள். லூசியானாவின் ஹூயி லாங் 1935 ஜூனில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் பேசினார். இடையில் சிப்பி வறுவலுக்குச் செய்முறையும் சொன்னார். இன்னொரு செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1957 ஆகஸ்டில் 24 மணி 18 நிமிடம் நின்று பேசினார். இந்த உடல் வலிமையை வியப்போர், பேச்சு எதற்காக என்பதை மறந்துவிடுகிறார்கள். தர்மண்ட் எதிர்த்தது கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் குடிமை உரிமைகள் மசோதாவை. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தையும் தென் மாநில உறுப்பினர்கள் அறுபது வேலை நாட்கள் மறித்தார்கள். ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்ற கணக்கில் செனட் அந்த மறியலை உடைத்தது.

ஃபிலிபஸ்டர் வேறு காரணங்களுக்கும் பயன்பட்டதுண்டு. 1841-இல் தேசிய வங்கிக்கு எதிராக நடந்தது ஓர் உதாரணம். ஆனாலும் அதன் கனத்த பக்கங்கள் இன உரிமையைத் தடுத்தவைதான். மிசௌரியின் லியோனிடாஸ் டையர் கொண்டுவந்த, கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதா 1922 ஜனவரியில் கீழவையில் 231-க்கு 119 என்று நிறைவேறியது. செனட்டில் தென் மாநிலத்தவர் அதை முடக்கினார்கள். 1938-இல் இன்னொரு மசோதாவுக்கும் அதே கதி. வாக்கரின் படை துப்பாக்கி கொண்டு காக்க முனைந்த இன ஆதிக்கத்தை இவர்கள் அவை விதி கொண்டு காத்தார்கள். சொல்லின் இரண்டு பொருளும் இங்கே வெகு தொலைவில் இல்லை.

1970-களில் ஃபிலிபஸ்டரின் வடிவம் மாறியது. ஒரு மசோதா முடங்கிக் கிடக்கும்போதே வேறு வேலைகளைக் கவனிக்கும் ஏற்பாட்டைப் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்தார். அதனால் யாரும் இரவு முழுக்க நின்று பேசவேண்டிய அவசியம் போயிற்று. எதிர்ப்பைத் தெரிவித்தாலே போதும். 1975-இல் விவாதத்தை முடிக்கத் தேவையான வரம்பு ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 வாக்குகளாகக் குறைந்தது. நியமனங்களுக்கு 2013-லும், உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு 2017-லும் அந்த வரம்பு தளர்ந்தது. வழக்கமான மசோதாக்களுக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

மிசிசிப்பியில் 1955-இல் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் பெயரைத் தாங்கிய கும்பல் கொலைத் தடைச் சட்டம் 2022 மார்ச் 29 அன்றுதான் அதிபரின் கையெழுத்தைப் பெற்றது. டையரின் மசோதா கீழவையைத் தாண்டி அப்போது நூறு ஆண்டு ஆகியிருந்தது.