மாமா வழி

பிளானோவில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ஊர்ப் பெயரே அதைச் சொல்லிவிடும். 1850களில் இங்கே தபால் நிலையத்துக்குப் பெயர் தேடியபோது, சமவெளிக்கு ஸ்பானிய மொழியில் இதுதான் சொல் என்று நினைத்து ஒரு மருத்துவர் வைத்த பெயர் என்பார்கள். எனக்குத் தெரிந்து பக்கத்தில் உள்ள பெரிய மலை, என் அலுவலகத்தின் கார் நிறுத்தக் கட்டடம். ஐந்து மாடி, நூறு படி. சனிக்கிழமைக் காலைகளில் அப்பாவும் என் மகளும் நானும் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஐம்பத்தைந்து தடவை ஏறினால் ஒரு சிவனொளிபாத மலை.

தொடங்கிவைத்தவன் கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகன். தீபாவளிக்குப் பேசும்போது, "மார்ச்ல வர்றீங்கல்லக்கா, அப்படியே பக்கத்து நாட்டுல ஒரு மலை ஏறிட்டு வந்துரலாம். நாலு நாள் போதும். பழக்கமே இல்லாதவங்ககூட ஏறலாமாம்" என்றான். எந்த நாடு என்று அப்பா கேட்டார். "சிலோன்தான் பெரியப்பா. ஆடம்ஸ் பீக்." அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். தம்பிக்குத் தெரியாமல் இல்லை, மறந்திருப்பான். அப்பா 1953இல் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். அந்த மலையைப் பார்த்தபடி இருபது வருஷம் இருந்தவர், ஒருமுறைகூட ஏறியதில்லை.

எளிதாக ஏறலாம் என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. கோத்தகிரியில் வளர்ந்தவள் நான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சிக்குக் காரில் போய்ச் சோளம் தின்றுவிட்டு வருவோம். அதைவிடத் தாழ்ந்த, 2,243 மீட்டர் மலையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று தேடப் போய், கடைசியில் பயணத் திட்டத்தை விட்டுவிட்டு வரலாறு படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மலைக்குப் போக எழுதப்பட்ட திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இப்னு பதூதாவுடையது. 1344இல் மாலத்தீவிலிருந்து மாபார் என்று அரபிகள் அழைத்த நம் கரைக்குக் கிளம்பியவரைக் காற்று இலங்கையில் கொண்டுபோய் ஒதுக்கியது. இறங்கிய இடத்தின் அதிபதி யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீகம் புரிந்தது என்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாராம். மன்னர் ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், துணைக்குப் பத்துப் பேரும், சாப்பாட்டு மூட்டை தூக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி, அவருக்கு வழிகாட்ட சைவ யோகிகள், அனுப்பிவைத்தவர் ஒரு தமிழ் மன்னர். வழியில் அட்டைகள் பாயும், அதற்கு எலுமிச்சம்பழம் தயாராக வைத்திருப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் சாமான் பட்டியலில் எலுமிச்சம்பழம் அப்படித்தான் சேர்ந்தது. நாங்கள் போகும் மார்ச் வறண்ட காலம், அட்டை குறைவு. ஆனாலும் எழுநூறு வருஷத்துக் குறிப்பை அடிக்க மனம் வரவில்லை.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. உச்சிக்கு இரண்டு வழி. ஒன்று பாபா வழி, அதாவது ஆதமின் வழி, கரடுமுரடானது. மற்றது மாமா வழி, ஹவ்வாவின் வழி, சுலபமானது. (தமிழர்கள் சிரித்துக்கொள்ளலாம். அங்கே மாமா என்றால் அம்மா.) திரும்பும்போது மாமா வழியில் இறங்கலாம், ஆனால் அதிலேயே ஏறினால் யாத்திரை செய்ததாகவே கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்கிறார். பழக்கமில்லாதவர்களுக்கான வழி எது, அதில் போனால் போனதாக ஆகுமா என்ற சச்சரவு 1344லேயே இருந்திருக்கிறது.

மலை யாருடையது என்ற சச்சரவு அதைவிடப் பழையது. மணிமேகலை, இரத்தினத் தீவத்துச் சமந்த மலையில் புத்தரின் அடியிணை இருப்பதைப் பேசுகிறது. பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத, சைவர்களுக்குச் சிவனொளிபாதம், இலங்கை முஸ்லிம்களுக்குப் பாவாத மலை. போர்த்துக்கீசியர் வந்தபின் புனித தோமையாரின் பாதம் என்று சொன்னவர்களும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை முதலாம் ராஜசிங்கன் இதைச் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்ததாக மகாவம்சம் குறைப்பட்டுக்கொள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி பிக்குகளிடம் கொடுத்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோ மதுரையிலிருந்து போன நாயக்கர் வழியினர். சிங்கள மன்னன் சைவருக்குக் கொடுக்க, மதுரைக்காரர் பௌத்தருக்குத் திருப்பிக் கொடுக்கிறார். இன்றைய கட்சிகளை அன்றைக்குப் பொருத்த நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

இப்போது எங்கள் மாமா வழி. இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறுவதுதான் பழைய வழி; நீளமானது, கடினமானது. இன்று பெரும்பாலோர் ஏறுவது ஹட்டன் பக்கத்திலிருந்து. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். நல்லதண்ணியிலிருந்து ஒரு வழி ஏழு கிலோமீட்டர் அளவு, ஐயாயிரத்து ஐந்நூறு படிகள், ஆயிரம் மீட்டர் ஏற்றம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சீசன். அப்போது வழியெல்லாம் விளக்கு எரியும், விடிய விடியத் தேநீர்க்கடை இருக்கும். இளைஞர்கள் இரவு இரண்டு மணிக்குக் கிளம்பிச் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்பார்கள். எழுபத்திரண்டு வயதுக்காரரோடு போகும் நாங்கள் பத்து மணிக்கே கிளம்புவதாக இருக்கிறோம். பௌர்ணமியும் வார இறுதியும் வேண்டாம். கடைசிப் படிகளில் மணிக்கணக்கில் நிற்க நேரும். மேலே நடுங்கும் குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் போகும் என்று போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த வழி சுலபமானது எப்படி? 1880களில் தேயிலைக்காக ஹட்டனுக்கு ரயில் வந்தது. மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள், கொழுந்தும் இயந்திரமும் போகத் தெரு போட்டார்கள். மலையின் அடிவாரம்வரை வண்டி போகும்படி செய்தது பக்தி அல்ல, தேயிலை. வெட்டியதும் போட்டதும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஆட்கள். நல்லதண்ணி என்ற பெயரைப் பாருங்கள். சிங்களத்திலும் அதற்கு நல்லதண்ணிய என்றுதான் பெயர். லட்சக்கணக்கான சிங்கள யாத்திரிகர்கள் ஒரு தமிழ்ப் பெயரிலிருந்துதான் புத்தரின் பாதத்துக்கு ஏறத் தொடங்குகிறார்கள்.

அந்த ஆட்கள் வந்த வழிதான் உண்மையான பாபா வழி. கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுக்குள் நடந்தார்கள். இருநூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று ஒழுங்காக எண்ணி வைத்தவர்கள் இல்லை. 1914இல்தான் தனுஷ்கோடி, தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் இணைந்தன. எங்கள் அப்பாவின் பாட்டனாருடைய தகப்பனார் நடந்துபோனவர் என்பது வீட்டுப் பேச்சு. புதுக்கோட்டைப் பக்கம் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. 2023இல், இருநூறாண்டு நினைவாக, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். அப்பா அந்தப் படங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முகங்களைத் தேடினாரா, தெருவையா என்று நான் கேட்கவில்லை.

நான்கு தலைமுறை இருந்தும் அவர் அந்த நாட்டுக்காரர் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 1953இல் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமென்றால் அவருடைய அப்பா குடிமகனாக இருக்க வேண்டும். அந்த அப்பா குடிமகனாக, அவருக்கு முந்தியவர்கள் இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு யார் காகிதம் எழுதி வைத்தார்கள்? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தது. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆடுமாடு பிரிப்பதுபோல என்று எழுத நினைத்தேன். ஆடுமாடு பிரிக்கும்போது அதன் தாயையும் குட்டியையும் சேர்த்து விடுவார்கள். அப்பாவின் பெரிய அக்கா குடும்பம் அங்கே, இவர்கள் இங்கே.

ஏன் ஏறவில்லை என்று என் மகள்தான் கேட்டாள். "பக்கத்துலயே இருந்தீங்களே தாத்தா?"

"பக்கத்துல இருக்கிறதுக்கு என்ன அவசரம்? சீசன்ல நல்லதண்ணிவரைக்கும் போவோம். கடைத்தெருவப் பாத்துட்டு வந்துருவோம். காலையில பெரட்டுக்கு நிக்கணும்ல. அடுத்த சீசனுக்கு ஏறலாம்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நூல் கட்டுறதா நேந்துக்கிட்டும் இருந்தாங்க."

மலைப்பாதையின் நடுவே ஊசியும் நூலும் கொண்டுபோய் நூலைக் கோத்துக் கட்டும் இடம் ஒன்று உண்டு, சிங்களத்தில் இந்திகட்டுபான என்பார்கள். பாட்டியின் நேர்த்திக்கடன் அங்கே செலுத்த வேண்டியது. 1973இல் முறை வந்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது ஏறியவர்களும் நின்றவர்களும் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். பிறகு தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். கடைசியில் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அதே கொழுந்து, அதே கூடை. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன். தாயகம் திரும்பியோர் என்ற சொல்லை அப்பா ஒரு நாளும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "நான் எங்க திரும்பினேன், முதத்தடவையாதானே வந்தேன்" என்பார்.

கப்பலில் போகலாமா என்று இடையில் கேட்டார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஆனால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஹட்டன் வெகுதூரம். தலைமன்னாருக்கு இப்போது கப்பல் இல்லை. தோகா வழியாகக் கொழும்புக்கு விமானம் என்று முடிவு செய்தேன். பெரிதாக வருத்தப்படவில்லை. "தண்ணியில போன வரைக்கும் போதும்" என்றார்.

பழைய மஸ்கெலியாவும் இருக்காது என்று அவரே சொல்லிவிட்டார். 1969இல் மவுஸாக்கலை அணை கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போனது. நீர் வற்றும் ஆண்டுகளில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். மார்ச்சில் எந்த அளவு வற்றியிருக்கும் என்பதுதான் இந்தப் பயணத்தில் அவர் விசாரித்த ஒரே வானிலைச் செய்தி.

விசாவுக்கு விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். அவருடைய வாழ்க்கையில் அது இரண்டாவது நாட்டின் பாஸ்போர்ட். முதலாவது 1973இல் கப்பல் ஏறுவதற்காகக் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட் மட்டும் கிடையாது. நீல அட்டை, பெயர், அதன்கீழே பிறந்த இடம் என்ற வரியில் ஒரே சொல்: ஸ்ரீலங்கா. வாங்கிப் பல வருஷமாகியும் அதை அவர் வாசித்ததில்லைபோல. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"அமெரிக்காக்காரன் எந்தக் காகிதத்தப் பாத்து எழுதினான்?"

"நீங்க சொன்னதத்தான் எழுதினாங்கப்பா. இந்தியப் பாஸ்போர்ட்லயும் அதான் இருந்துச்சு."

"அப்ப அன்னிக்கும் தெரிஞ்சுதான் அனுப்பிச்சாங்க" என்றார்.

முதன்முதலாக மலை ஏறுபவருக்குச் சிங்களத்தில் கோடுகாரயா என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. கூட்டிப்போகும் அனுபவசாலிக்கு நடே குரா. எங்கள் கூட்டத்தில் நடே குரா யாரும் இல்லை, நால்வரும் கோடுகாரயாக்கள். அத்தை மகன் ஒருவர் ஹட்டனில் இருக்கிறார், நாலைந்து தடவை ஏறியவராம். தேயிலைத் தோட்டத்தில் வேலை, லீவு கிடைத்தால் வருகிறேன் என்றிருக்கிறார். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். இதைக் கேட்டதிலிருந்து என் மகளுக்கும் தாத்தாவுக்கும் ஒரே எண்ணிக்கைதான் என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இரத்தினபுரிப் பக்கமாக ஏறினால்தான் கணக்கில் சேரும் என்று பழைய புத்தகத்தில் இருக்கிறதே என்று அப்பாவைச் சீண்டிப் பார்த்தேன். "அந்தத் தெரு போட்டது நம்ம ஆளுங்க. அதுல போனா எப்படிக் கணக்குல சேராம போகும்?" என்றார்.

நேற்றுக் காலை பதினாறு தடவை ஏறினோம். பதினேழாவதில் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஒரு தேநீர்க்கடை இருந்திருக்க வேண்டும் என்றார் அப்பா. அடுத்த வாரத்திலிருந்து பிளாஸ்க் கொண்டுபோக வேண்டும். மார்ச்சுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.