நெருக்கடியில் செல் கட்டும் கிடங்கு

கலவரம், ஊரடங்கு என்று வந்தால் கடைத்தெருவில் என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். வாசலில் பரப்பிய சரக்கை அவசரமாக உள்ளே அடுக்கிவிட்டு ஷட்டரை இறக்குவோம். சரக்கை யாரும் எரித்துவிடுவதில்லை. நிலைமை சீரானதும் அதே சரக்கு வெளியே வரும். நம் உடம்பின் செல்லும் இதையேதான் செய்கிறது. இதை விஞ்ஞானிகள் கண்டுகொள்ள நூறு வருஷம் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1899ஆம் ஆண்டு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் வில்சன், கடல் உயிர்களின் முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, செல்லின் உட்பொருள் பலவகைத் துளிகள் மிதக்கும் ஒரு திரவக் கலவை என்று எழுதினார். எவ்வளவு சரியான பார்வை பாருங்கள்! ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்ததும் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதில் செல்லை உயிரோடு பார்க்க முடியாது. உறைய வைத்து, சீவி, சாயமேற்றித்தான் பார்க்கவேண்டும். சவ்வுச் சுவர் உள்ள அறைகள் பளிச்சென்று தெரிந்தன. துளிகளைப் பற்றிய பேச்சு அடங்கிப்போயிற்று.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து ஒரு தடயம் கிடைத்தது. 1962இல் இத்தாலியரான ஃபெருச்சோ ரிட்டோசா பழ ஈப் புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ அவருடைய இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் குரோமோசோம்களில் புதிய இடங்களில் வீக்கம். அதாவது, சூடு பட்டதும் இதுவரை சும்மா கிடந்த ஜீன்கள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. முதலில் அனுப்பிய ஆய்விதழ் இதற்கு முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்பியதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

நெருக்கடியில் செல் அவசரக் கவுண்டர் ஒன்றைத் திறக்கிறது என்பது இப்படித் தெரிந்தது. சரி, அன்றாட வியாபாரத்துச் சரக்கு எங்கே போகிறது? அதைத் தேடியவர்கள் அன்றைய கிழக்கு ஜெர்மனியில், ஹாலே நகரில், லுட்ஸ் நோவரும் அவர் தோழர்களும். தக்காளிச் செல்களை வளர்த்து, சூடேற்றிப் பார்த்தபோது சைட்டோபிளாசத்தில் துகள்கள் திரள்வதை 1983இல் வெளியிட்டார்கள். அந்தத் திரளோடு அன்றாடப் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ. சேர்ந்திருக்கிறது என்று 1989இல் எழுதினார்கள். குப்பை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்றைக் கிடங்காகப் பார்த்தார்களே, அங்கேதான் அவர்கள் பெருமை இருக்கிறது. செடிகளில் வெப்பத் துகள் வேறு, ஆர்.என்.ஏ. சேமிக்கும் துகள் வேறு என்று பின்னாளில் பிரித்தறிந்தார்கள். அதனால் அவர்கள் கேட்ட கேள்வியின் மதிப்பு குறையாது.

மனிதச் செல்லில் இதைத் துலக்கியவர்கள் பாஸ்டனின் நான்சி கெடெர்ஷா, பால் ஆண்டர்சன் குழுவினர். ஆண்டு 1999. ஆர்சனைட் என்ற விஷத்தைச் சிறிது கொடுத்ததும் செல்லில் ‘ஸ்ட்ரெஸ் கிரானூல்’ என்னும் துகள்கள் தோன்றின. நடப்பது இதுதான். புரத உற்பத்தியைத் துவக்கிவைக்கும் eஐஎஃப்-2 என்ற காரணியின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. உடனே புது உற்பத்தி தடைப்படுகிறது. ரைபோசோம்கள் கையிலுள்ள வேலையை முடித்து இறங்கிவிடுகின்றன. வெறுமையாக நிற்கும் ஆர்.என்.ஏ. இழைகளைச் சில புரதங்கள் பற்றிச் சேர்க்கின்றன. இவற்றில் தலைமை ஜி3பிபி1 என்னும் புரதத்துக்கே என்று 2020இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. நெருக்கடி தீர்ந்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் துகள்கள் கரைந்துவிடும், உற்பத்தி மறுபடி தொடங்கும்.

சுவரே இல்லாமல் ஒரு கிடங்கு எப்படி நிற்கும்? இதற்கு விடை 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்தது. கிளிஃபர்ட் பிராங்வின், ஆண்டனி ஹைமன் முதலானோர் ஒரு சின்னஞ்சிறு புழுவின் கருவில் ‘பி’ துகள்களைக் கவனித்தார்கள். ரசத்தில் மிதக்கும் நெய்ப்பொட்டுகள் போல அவை ஒன்றோடொன்று கலந்தன, வழிந்தன, உருண்டன. திரவத்துக்குள் திரவம் பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். வில்சன் சொன்னது நூற்றுப்பத்து ஆண்டு கழித்து மீண்டும் வந்துவிட்டது! இருவருக்கும் 2022இல் பிரேக்த்ரூ பரிசு அறிவிக்கப்பட்டது.

எங்கள் சமண நூல்கள் கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்களைப் பேசுகின்றன. ஆகவே இதெல்லாம் நம்மவர்களுக்கு முன்பே தெரியும் என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த நூலுக்கும் மரியாதை இல்லை, இந்த உழைப்புக்கும் மரியாதை இல்லை.

துளி எப்போதும் துளியாகவே இருந்துவிட்டால் கவலையில்லை. இங்கே வடக்கில் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்துபோவதைப் பார்க்கிறோமே, வெயிலில் வைத்தால் இளகிவிடும். செல்லின் துளி சில சமயம் இளகாமலே போய்விடுகிறது. எஃப்.யு.எஸ். என்ற புரதத்தின் துளிகள் நேரம் செல்லச்செல்ல இறுகி நார்போல ஆவதையும், ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் காணும் ஜீன் பிழை இருந்தால் அது விரைவாக நடப்பதையும் 2015இல் டிரெஸ்டன் குழு சோதனைக் குழாயில் காட்டியது. இயற்பியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் முடக்கிய நோய்தான் ஏ.எல்.எஸ். நரம்புச் செல்லோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் மாற்றில்லாமல் உழைப்பது. அதற்குள் ஒரு கிடங்கு பூட்டியபடியே கிடந்தால் என்ன ஆகும்? இறுகிய துளிதான் நோயைத் தொடங்கிவைக்கிறதா, அல்லது நோயின் பிற்பகுதியில் வந்து சேருகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இறுகிய துளியை மறுபடி இளக்கும் மருந்துக்கான தேடலும் நடந்துகொண்டிருக்கிறது.