திருவொற்றியூர் புல்லட் சொல்லும் நிர்வாகப் பாடம்



ஐ.டி. கம்பெனிகளில் மேனேஜராக இருக்கும் நம் பிள்ளைகள் 'நாலெட்ஜ் வொர்க்கர்' என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறார்கள். உடல் உழைப்பால் அல்லாமல் கற்ற அறிவால் வேலை செய்பவர் என்று பொருள். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1959இல் எழுதிய நூலில் இந்தச் சொல் வருகிறது. அதே காலத்தில் நம் திருவொற்றியூரில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. நம் ராணுவம் கேட்ட 350 சி.சி. புல்லட்தான் காரணம். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957இல் பாகங்கள் செய்யும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் நம்மவர்களே செய்தார்கள்.

1967இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! வாத்தியார் வீட்டுக்கே மாணவன் பாடம் சொல்லப் போன கதை.

வரைபடத்தில் அளவு இருக்கும். வார்ப்பில் குறை உண்டா, எஞ்சின் சத்தம் சரியா என்பது பழகிய கைக்கும் காதுக்கும்தான் தெரியும். சொல்லில் அடங்காத இந்த அறிவைப் பற்றி மைக்கேல் போலான்யி என்ற அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே காக்கிச் சட்டை போட்ட நம் அப்பாக்களும் அறிவுப் பணியாளர்களே.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கற்றதை அப்படியே காப்பாற்றினார்கள், புதுமை குறைவு. எண்ணெய்க் கசிவும் வலப்பக்க கியரும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 1994இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. நஷ்டம் காரணமாக மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, 2000இல் இளைஞர் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் வந்தன. வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினியம். கியர் இடப்பக்கம் மாறியது. 2009இல் வந்த 'கிளாசிக்' விற்பனையை எங்கோ கொண்டுபோனது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்தார்கள். ஆனால் பழைய தோற்றத்தை விடவில்லை. டேங்கின் மேல் தங்கக் கோடு இழுக்கும் வேலை அப்போதும் மனிதக் கையிடமே இருந்தது.

எதை மாற்றுவது, எதைக் காப்பது என்று பிரித்தறிவதுதான் நிர்வாகம்.

மேனேஜராக இருக்கும் பிள்ளைகளே, ஆட்குறைப்புப் பட்டியல் போடும்போது ஒன்றை நினையுங்கள். இருபது வருட அனுபவசாலி வெளியே போனால் சம்பளம் மிச்சம்தான். அவர் எங்கும் எழுதிவைக்காத அறிவும் அவரோடு போய்விடும். போவதற்கு முன் அவர் பக்கத்தில் இரண்டு இளைஞர்களை உட்கார வையுங்கள்.

உங்கள் வீட்டில் என்ஃபீல்டிலோ அசோக் லேலண்டிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், என்ன வேலை, எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.