முதுகில் வீடு சுமக்கும் பிக்கப்: ஒரு டீசல் வரலாறு

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஒரு குட்டி வீட்டையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறைகூட அந்தப் பெட்டிக்குள் இருக்கும். இதற்கு 'டிரக் கேம்பர்' என்று பெயர். பின்னால் இழுத்துக்கொண்டு போகும் டிரெய்லர் இல்லை இது. ஆமைக்கு ஓடு மாதிரி வண்டியின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். இந்தக் கேம்பர்காரர்களில் பலர் 1990களில் வந்த பழைய டீசல் பிக்கப்பைத் தேடிப் பிடித்து, அதற்கு மேலும் செலவு செய்து தயார்படுத்துகிறார்கள். இரண்டு லட்சம் மைல் ஓடிய வண்டிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அதற்கு விடை வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பெட்ரோல் காலம்

1960-ல் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு ஜிஎம்சி பிக்கப்பில் கேம்பரை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற தன் நாயோடு நாட்டைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரை நினைவாக 'ரோசினாண்டே' என்று பெயர் வைத்தார். 1962-ல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. வண்டி கலிபோர்னியாவின் சலினாஸ் ஊரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அது ஒரு பெட்ரோல் வண்டி. அன்று டீசல் என்றால் லாரி, டிராக்டர், ரயில்தான். ஃபோர்டு போன்ற கம்பெனிகள் 1960களில் 'கேம்பர் ஸ்பெஷல்' என்று தனியாக விற்ற பிக்கப்புகளும் பெட்ரோல்தான். எரிபொருள் மலிவாக இருந்ததால் மைலேஜ் பற்றி அதிகம் பேர் கவலைப்படவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் நிலைமை மாறியது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அமெரிக்கக் கம்பெனிகளின் பார்வை டீசல் பக்கம் திரும்பியது.

முதல் அடி சறுக்கல்

ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. பிக்கப்புகளிலும் அது கிடைத்தது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்கித்தான் எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். ஆகவே உள்ளே அழுத்தம் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல மடங்கு. பிளாக்கைப் பலப்படுத்தியவர்கள், சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அமைப்பைப் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே விட்டுவிட்டார்கள். போல்ட் இழுபட்டது, கேஸ்கெட் போனது. டீசலில் கலந்துவரும் தண்ணீரைப் பிரிக்க ஒழுங்கான வடிகட்டியும் இல்லை, பம்ப் துருப்பிடித்தது. 1985-ல் தயாரிப்பு நின்றபோது 'டீசலா, வேண்டாம்பா' என்ற எண்ணம் அமெரிக்கக் குடும்பங்களில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

பிறகு 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எஞ்சினும், 1983-ல் ஃபோர்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் எஞ்சினும் வந்தன. இவை பரவாயில்லை ரகம். டர்போ கிடையாது; மலையேற்றத்தில் மூச்சு வாங்கும்.

டிராக்டர் எஞ்சின் வந்தது

கதையில் திருப்பம் 1989-ல். பிக்கப் விற்பனையில் பின்தங்கியிருந்த டாட்ஜ், கம்மின்ஸ் எஞ்சினைத் தன் ராம் பிக்கப்பில் பொருத்தியது.

கம்மின்ஸ் கம்பெனி 1919-ல் இண்டியானாவின் கொலம்பஸ் ஊரில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் தொடங்கியது. 1931-ல் அவருடைய டீசல் கார் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தை ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. வேகத்தில் முதலிடம் இல்லை, ஆனால் டீசல் எத்தனை சிக்கனம் என்று ஊர் உலகம் பார்த்தது. பிறகு 1980களில் விவசாய இயந்திரக் கம்பெனியான கேஸுடன் சேர்ந்து கம்மின்ஸ் உருவாக்கியதுதான் 'பி' வரிசை. டிராக்டருக்கும் நடுத்தர லாரிக்குமான எஞ்சின். (இதே பி வரிசையை 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டுக் கம்பெனி ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. நம் நெடுஞ்சாலை டாடா லாரிகளில் அது ஓடியிருக்கிறது!)

ராமில் வந்த 5.9 லிட்டர் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருந்தன, டர்போவும் உண்டு. சக்தி 160 குதிரைத்திறன்தான். ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதுவும் மிகக் குறைந்த சுற்றிலேயே. மேட்டில் பாரம் ஏற்றுவதற்கு இதுதான் வேண்டும். டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயினும் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். 1994 முதல் 1998 வரை வந்த மாடல்களில் முழுக்க மெக்கானிக்கலான பாஷ் பம்ப் இருந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் அதைத் திருத்தியே சக்தியைக் கூட்டிவிடலாம். ஃபோர்டு 1994-ல் பவர் ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸ் 2001-ல் டியூராமேக்ஸ் என்று போட்டிக்கு வந்தன. பழைய வண்டி வாங்குபவர்கள் அலசுவது பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்களைத்தான்.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

பேர்போன எஞ்சினுக்கும் வியாதிகள் உண்டு. 12 வால்வு கம்மின்ஸில் முன்பக்க உறைக்குள் ஒரு சின்ன எஃகு முளை இருக்கும். அதிர்வில் அது கழன்று பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் எஞ்சின் காலி. சின்னத் தகடு ஒன்றை அடித்துவிட்டால் தப்பிக்கலாம். 1998 நடுவில் வந்த 24 வால்வு எஞ்சினின் மின்னணு பம்ப், டீசலாலேயே குளிர வேண்டியது. டீசலை அனுப்பும் சின்ன பம்ப் சோர்ந்தால் விலையுயர்ந்த பெரிய பம்ப்பும் போய்விடும். அந்தக் காலத்துச் சில எஞ்சின்களின் பிளாக்கில் '53' என்று வார்த்திருக்கும். அவை விரிசலுக்குப் பேர்போனவை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களும் எஞ்சின் அளவுக்கு உறுதி இல்லை.

அடுத்து மாற்றங்கள். புகைவெப்பத்தைக் காட்டும் மீட்டர், கூடுதல் ஸ்பிரிங், காற்றுப் பைகள், வண்டி ஆடாமல் இருக்கத் தடிமனான ஸ்வே பார், கனமான டயர். முக்கியமானது எக்ஸாஸ்ட் பிரேக். அந்தக் கால டீசலில் காற்றை அடைக்கும் வால்வு இல்லாததால், காலை எடுத்தாலும் எஞ்சின் வண்டியை அவ்வளவாகப் பிடிக்காது. ராக்கி மலை இறக்கத்தில் முதுகில் ஒன்றரை டன்னோடு வெறும் பிரேக்கை நம்பினால் பிரேக் சூடேறி மங்கிவிடும்.

ஆனால் எதை மாற்றினாலும் மாறாதது கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்புச் சீட்டு. 1990களின் முக்கால் டன் ராமுக்கு வரம்பு 8,800 பவுண்டு. டீசல், நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்து வெறும் வண்டியே 6,000 பவுண்டைத் தொடும். எஞ்சின் மட்டுமே சுமார் 1,100 பவுண்டு! மீதி 2,800. இருவர் ஏறி, டீசல் நிரப்பி, கேம்பரில் 30 கேலன் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரே 250 பவுண்டு. கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இழுக்கும் பலம் வேறு, சுமக்கும் பலம் வேறு. காற்றுப் பை வண்டியின் வாலைத் தூக்கிக் காட்டும். அச்சையும் பிரேக்கையும் பலமாக்காது. பெரிய கேம்பருக்குப் பின்பக்கம் நான்கு டயர் கொண்ட ஒரு டன் வண்டி சிபாரிசு செய்யப்படுவது இதனால்தான்.

புகையின் கணக்கு

2007-க்கும் 2010-க்கும் வந்த மாசு விதிகளால் புதிய டீசல்களில் புகைக்கரி வடிகட்டியும் யூரியாத் தொட்டியும் சேர்ந்தன. விலையும் பழுதும் கூடின. பழைய வண்டிகளின் மவுசு ஏறியதற்கு இதுவும் காரணம். சிலர் புதிய வண்டிகளிலிருந்து அந்தக் கருவிகளைக் கழற்றியே எறிந்தார்கள். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படி நடந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் கணக்கிட்டது. 2023 டிசம்பரில் கம்மின்ஸே, ராம் எஞ்சின்களில் மாசு விதியை ஏய்க்கும் அமைப்புகள் வைத்ததாக எழுந்த வழக்கில் 1.675 பில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

பழைய கம்மின்ஸுக்கு இருக்கும் மரியாதை நியாயமானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டிராக்டரில் நாள் முழுக்க உழைக்கச் செய்த எஞ்சினுக்குக் கேம்பர் ஒரு லேசான வேலை. ஆனால் எஞ்சின் நன்றாக இருப்பதால் மட்டும் வண்டி தாங்கிவிடாது. வாங்குகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படிக்கட்டும். பின்னால் வருகிறவர்கள் சுவாசிக்கும் காற்றையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.