மில் சுவரில் ஒரு பழைய படம்



என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மில்லில் எலக்ட்ரீசியன். போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, மெயின் போர்டு இருக்கும் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம். மின்அதிர்ச்சிக்கு முதலுதவி, தமிழிலும் ஆங்கிலத்திலும். வாத்தியார் புத்தி, நின்று முழுசாகப் படித்தேன். அடிபட்டவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தச் சொல்கிறது!

அது 1903-இல் பிரிட்டனில் ஷேஃபர் என்ற உடலியல் பேராசிரியர் சொன்ன முறை. 1932-இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் கைகளைத் தூக்கி இறக்குவதையும் சேர்த்தார். இரண்டுமே மூச்சை மீட்பதற்கானவை. ஆனால் கரண்ட் அடித்தவருக்குப் பல நேரம் இதயமே தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகிறது.

அதற்கு வழி கண்டவர் டாக்டர் அல்ல, கௌவன்ஹோவன் என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அமெரிக்காவில் லைன்மேன்கள் கம்பத்திலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் கம்பெனிகளே பணம் கொடுத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராயச் சொன்னார்கள். நாய்களை வைத்துச் சோதிக்கும்போது, ஷாக் கொடுக்கும் தகட்டை மார்பில் வைத்து அழுத்தினாலே ரத்த அழுத்தம் ஏறுவதை அவர் குழுவில் இருந்த நிக்கர்பாக்கர் கவனித்தார். 1960-இல் கட்டுரை வந்தது. இன்று எல்லோரும் சொல்லும் சி.பி.ஆரில் நெஞ்சை அழுத்துவது அப்படி வந்ததுதான்.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளில் 44-ஆவது விதி, தொழிற்சாலைகளில் இந்த முதலுதவிக் குறிப்பை மாவட்ட மொழியிலும் மாட்டச் சொன்னது. நல்ல விதி. ஆனால் தோட்டத்து மோட்டார் ரூம் தொழிற்சாலைக் கணக்கில் வராதே! கமலை போய் மோட்டார் வந்த நாளிலிருந்து நம் தொப்பம்பட்டிப் பக்கம் ஈரக்காலோடு ஸ்டார்ட்டரைத் தொடுபவர் சம்சாரிதான். என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அப்பாவை அப்படித்தான் இழந்தோம். ஓடி வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதே விதிகளில் 61-ஆவது, மோட்டார் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்றது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று கசிவைப் பூமிக்குக் கொண்டுபோகும், ஃபியூஸ் போகும். (ஃபியூஸில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் அதுவும் போகாது.)

வீட்டுக்கு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு எங்கள் மோட்டார் ரூமைப் பார்த்தேன். ஒரு எர்த் கம்பிதான், அதுவும் துருப்பிடித்து. ஞாயிறு அந்த மாணவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதுப் படம் இரண்டு கேட்டிருக்கிறேன், ஒன்று மில்லுக்கு, ஒன்று எனக்கு.