சாவா மூவாப் பேராடும் நமது பராமரிப்பு நிதியும்

அடுத்த பொதுக்குழுவுக்கான சுற்றறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். லிப்ட், மேல்நிலைத் தொட்டி, மொட்டைமாடித் தளம், ஜெனரேட்டர் ஆகியவற்றை ஒரு பொறியாளரை வைத்து ஆராய வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு பொருள். எது எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற என்ன செலவாகும், அதற்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அவர் அறிக்கை தருவார். "பழுதானால் பார்த்துக்கொள்ளலாம், பழுதாகப் போவதைச் சொல்ல ஒருவருக்குப் பணமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தஞ்சாவூருக்கு இது புதிய சங்கதி இல்லை.

ராஜராஜ சோழன் 1010-ல் பெரிய கோவிலைக் கட்டி முடித்தான். கட்டியதோடு விடவில்லை. பின்னாளில் நடக்க வேண்டிய செலவுகளுக்கும் வழி செய்தான். காசை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்து, வட்டி மட்டும் கோவிலுக்கு வரும்படி ஏற்பாடு. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு என்று கல்வெட்டு சொல்கிறது. நம் கணக்கில் 12½ சதவீதம். (தொண்ணூறுகளில் எங்கள் கவுன்ட்டரில் டெபாசிட்டுக்கு இதை ஒட்டிய வட்டி இருந்தது. இன்று கனவு.) சுவாமி நீராடும் தண்ணீரில் போடும் ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வரைக்கும் இந்த வட்டியிலிருந்துதான் வந்தது. முதலில் கை வைக்கவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது விளக்குக் கணக்கு. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை வைத்துக்கொள்ளும் இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு இடையர் எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும், ஏட்டில் எப்போதும் 96 இருக்கும். பி.காம். வகுப்பில் தேய்மான நிதி என்று நாங்கள் படித்தது இதுதான். 96 என்ற எண் சும்மா வந்திருக்காது. எத்தனை ஆடு கறக்கும், எத்தனை சாகும், உழக்கு நெய் தடைபடாமல் வர மந்தை எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். பொறியாளரிடம் நாம் கேட்கப்போவதும் அதே கணக்குத்தான்.

பணத்தை யார் வைத்துக்கொள்வது என்ற சந்தேகமும் பழையதே. டெல்டாவுக்கு வெளியே, உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆறு பேர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் ஓலைக்குத் தகுதியில்லை. நம் சங்கத்துத் துணை விதிகள் இவ்வளவு கடுமை இல்லை, நல்லவேளை.

காவிரிப் பாசனத்தில் செலவு வேறு மாதிரி. தண்ணீர் வருமுன் வாய்க்கால் தூர்வார வேண்டும், ஆண்டு தவறினால் வண்டல் மேடாகிவிடும். இதற்குக் குடிகள் சேர்ந்து உழைப்பது குடிமராமத்து. அந்த வழக்கம் தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858-ல் சட்டமே போட்டது. வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அதில் வழி இருந்தது. 2017-ல் தமிழக அரசு ரூ.100 கோடியில் குடிமராமத்தை மறுபடி தொடங்கியது நினைவிருக்கும்.

அடுத்த ஆண்டே முக்கொம்பு. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் போயின. ஏன் போயின என்பதை நிபுணர்களுக்கு விடுவோம். எனக்குப் பட்டது செலவு வந்த வரிசை: முதலில் மணல் மூட்டை, பாறாங்கல் என்று அவசரச் செலவு, பிறகு புதிய கதவணைக்கு ரூ.387 கோடி. மூட்டைக்குக் கொடுத்த காசு கதவணையில் கழியாது.

இப்போது நம் கணக்கு. 48 வீடுகள். லிப்ட் இன்றைய விலையில் ரூ.15 லட்சம், பத்து ஆண்டில் மாற்ற வேண்டும், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஏறக்குறைய ரூ.26.86 லட்சம் ஆகும். சேர்க்காமல் விட்டால் வீட்டுக்கு ரூ.56,000 ஒரே தவணையில். இன்றே தொடங்கினால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் ரூ.466, 6½ சதவீத வட்டி சேர்ந்தால் ரூ.332 போதும். நம்மில் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள். ஐம்பத்தாறாயிரத்தை எந்த மாதப் பென்ஷனில் எடுப்பது? இன்னொன்று, பத்தாண்டு ஏறி இறங்கியவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார், பில் புதிதாக வந்தவர் தலையில் விழும்.

ஆய்வுக் கட்டணம் எதைப் பொறுத்தது? எத்தனை இனங்கள், கண்ணால் பார்ப்பதா கான்கிரீட்டைச் சோதிப்பதா, எத்தனை முறை வருவார், எத்தனை ஆண்டுக்கு ஒதுக்கீட்டு அட்டவணை தருவார் என்பதையெல்லாம். மூன்று பேரிடம் ஒரே பட்டியலைக் கொடுத்து விலைப்புள்ளி வாங்கினால்தான் ஒப்பிட முடியும். ஜி.எஸ்.டி. தனியா சேர்த்தா என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரூ.48,000 கட்டணமும் வீட்டுக்கு ரூ.1,000. அறிக்கை ஐந்தாண்டு பயன்பட்டால் மாதம் 17 ரூபாய்கூட ஆகாது.

இனப் பட்டியலை நாமே தயாரித்துவிட்டால் கட்டணத்தைக் குறைத்துக் கேட்கலாம். லிப்ட், மோட்டார், ஜெனரேட்டர் வாங்கிய பில்களும் கட்டடத்தின் வரைபட நகலும் யாரிடமாவது இருந்தால், பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பாகச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய நிர்வாகிகள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்க்கலாம்.