பற்றவைப்பதா, ஆணி அடிப்பதா?

மாதிரி ரயிலுக்கு வீட்டிலேயே தண்டவாளம் போட இரண்டு வழிகள் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளன. செம்பு ஒட்டிய சர்க்யூட் போர்டைக் கீற்றுகளாக நறுக்கி ஸ்லீப்பராக்கி, அதன்மேல் தண்டவாளத்தைச் சால்டரால் பற்றவைப்பது பிரிட்டனில் பரவலான முறை. மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டி, குட்டி ஆணிகளால் தண்டவாளத்தை இறுக்குவது அமெரிக்கர்களின் முறை. இரண்டிலும் தண்டவாளம் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர்.

பார்வைக்கு மரம்தான் அழகு. அமெரிக்காவின் அசல் பாதையே மரக்கட்டையில் ஆணி அறைந்து போட்டது என்பதால் மாதிரியும் அப்படியே அமைந்துவிடுகிறது. பிரிட்டனின் பழைய பாதையில் தண்டவாளம் வார்ப்பிரும்புத் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும். சால்டர் முறையில் அவற்றைக் காணோம். மின்சாரத்துக்கும் மரமே வசதி. செம்புக் கீற்று ஒவ்வொன்றிலும் நடுவே செம்பை அராவிப் பிரிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஷார்ட் ஆகிவிடும். கையில் மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஆனாலும், காசை எண்ணிச் செலவழிப்பவருக்கு நான் சால்டரையே சொல்வேன். நேர்ப்பாதையைக் கையால் செய்வதில் பெரிய மிச்சம் இல்லை. கடையில் விலை எகிறுவது பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டுகளுக்குத்தான். பாயிண்டின் உயிர், தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் கிராஸிங். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சாய்வாக அராவி, கூர்முனையாகச் சேர்த்துப் பற்றவைப்பதே அதற்கு வழக்கமான வழி. ஆணி முறைக்காரரும் அதற்காகச் சால்டரிங் அயர்ன் வாங்கத்தான் வேண்டும். கிராஸிங்கில் இடைவெளி சற்றுப் பிசகினாலும் சக்கரம் தடம்புரளும். சால்டரை மறுபடி சூடாக்கித் தண்டவாளத்தை மயிரிழை நகர்த்திவிடலாம். ஆணியைப் பிடுங்கி அதை ஒட்டியே அடித்தால் மரம் பிடி விட்டுவிடும். முக்கிய இடங்களில் செம்புக் கீற்றும் மற்ற இடங்களில் மரமும் வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த வழி.

நம் ஊர் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 1:87 அளவுக்குச் சுருக்கினால் 19.26 மி.மீ. வரும், கடையில் அதே அளவுக்குக் கிடைக்கும் ஹெச்.ஓ. பாதையோ 16.5 மி.மீ. நம் ரயிலைச் சரியான அகலத்தில் ஓட்ட விரும்புவோருக்குக் கைவேலை தவிர வேறு வழி அரிது. சக்கரங்களையும் அதற்கேற்ப விலக்கிப் பொருத்த வேண்டும். பாயிண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு முழம் நேர்ப்பாதையைப் பற்றவைத்து, அதில் ஒரு பெட்டியைத் தள்ளிப் பாருங்கள்.